நாற்பத்திமூன்றாம் நம்பர் வெண்டைக்காய்

வெண்டைக்காய் வாங்குகிற யாரும் நுனியை ஒடித்துத்தான் பார்ப்பார்கள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முத்தல். கடைக்காரன் கத்திக்கொண்டே இருப்பான், அவர்களும் ஒடித்துக்கொண்டே இருப்பார்கள். வடலூர்ச் சந்தையில் இதுதான் சட்டம். ஃப்ளைட்டில் போகிற வெண்டைக்காயை மட்டும் ஒடிக்கக் கூடாது, அளக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேலே போகக் கூடாது. பத்தரை என்றால் கழிவு. பதினொன்று என்றால் பேச்சே வேண்டாம். தின்கிற பண்டத்துக்கு ஸ்கேல் வைக்கிறவன் எந்த ஊர்க்காரனடா என்று நத்தமேட்டில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்கேல் வாங்கினார்கள்.

மலர்க்கொடி வாங்கவில்லை. அவளுக்கு நடுவிரலே போதும். நடுவிரலுக்கு மேலே ஒரு நகம் தாண்டினால் அந்தக் காயைத் தனியாகப் போட்டுவிடுவாள். காலையில் பனி காய்வதற்குள் பறித்தாக வேண்டும். வெண்டைச் செடியின் சுணை கையில் பட்டால் அன்றைக்கு முழுக்கச் சொறிந்துகொண்டே திரிய வேண்டியதுதான். அதனால் புருஷன் ராஜாமணியின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, விரல் நுனி வெளியே வருகிற மாதிரி வெட்டிய பள்ளிக்கூடத்துச் சாக்ஸைக் கையில் போட்டு, அரை ஏக்கர் கொல்லையையும் ஒரே ஆளாகப் பறிப்பாள். ஒன்பது மணிக்கு டாட்டா ஏஸ் வரும். நீலக் கிரேட்டுகள் புவனகிரி சாலையில் இருக்கும் கிபாயத்துல்லா பாயின் ஷெட்டுக்குப் போகும். அங்கே பெட்டியில் அடைத்து, அன்றைக்கே திருச்சி ஏர்போர்ட். மறுநாள் கத்தார்.

ஷெட்டில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு நம்பர் உண்டு. மலர்க்கொடியின் நம்பர் நாற்பத்திமூன்று. நிலம் ராஜாமணியின் பெயரில், வீடு மாமனார் பெயரில், கேஸ் சிலிண்டர்கூட ராஜாமணியின் பெயரில்தான். இந்த நம்பர் மட்டும் அவள் பெயரில். அதை வாங்க ஒரு வருஷம் அலைந்திருக்கிறாள். அதற்கு முந்தைய வருஷம் கத்தரி போட்டிருந்தார்கள். நல்ல விளைச்சல். எல்லோருக்குமே நல்ல விளைச்சல், அதுதான் கெட்டது. சந்தையில் மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கேட்பார் இல்லாமல், மூன்று மூட்டைக் கத்தரிக்காயை மலர்க்கொடி தன் கையாலேயே சாக்கடை ஓரம் கொட்டினாள். மாடுகூட இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பிக்கொண்டது. வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "இனிமே எங்கையால பறிச்சத எங்கையால கொட்ட மாட்டேன். ஃப்ளைட்டு ஏறிப் போற காய எவனாச்சும் கீழ கொட்டுவானா?" என்றுதான் இந்த நம்பருக்கு நாயாய் அலைந்தாள்.

நம்பரைக் கொடுக்கும்போதே பாய் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். சேர்ந்தாற்போல மூன்று நாள் காய் வராவிட்டால் நம்பர் போய்விடும். ஒரு நாள் கணக்கில் வர வேண்டுமானால் குறைந்தது பத்துப் பெட்டிக் காயாவது தேற வேண்டும். அளவு தப்பி அந்தப் பக்கத்திலிருந்து புகார் வந்தாலும் நம்பர் போய்விடும். இதைச் சேர்த்தால் மூன்று, பாய் இரண்டு என்றுதான் சொன்னார்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சிங்காரம் செத்துப்போனார். ராஜாமணிக்குப் பெரியப்பா முறை, ஒரே தெரு. எழுபத்தாறு வயது, மூன்று மாதமாகப் படுக்கை. எதிர்பார்த்த சாவுதான். ஆனால் ஒரே பிள்ளை இளவரசு கத்தாரில் இருந்தான். காய்கறி மொத்த மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிற வேலை. அவனுக்கு லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, வியாழக்கிழமை காலையில்தான் வந்து சேர முடியும் என்று தகவல் வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. கரண்டை நம்ப முடியாது என்று ஜெனரேட்டரும் வந்தது.

பங்காளி வீட்டில் பிணம் கிடக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, செடியிலிருந்து ஒன்றைப் பறிக்கக் கூடாது. நத்தமேட்டில் பழைய வழக்கம் அது. அந்தக் காலத்தில் காலையில் செத்தால் சாயங்காலம் எடுத்துவிடுவார்கள், அரை நாள் விரதம், யாருக்கும் வலிக்காது. வழக்கத்தை ஏற்படுத்தினவர்களுக்கு ஐஸ் பெட்டியும் தெரியாது, கத்தாரும் தெரியாது. இப்போது அதே வழக்கம் இரண்டரை நாளுக்கு நீண்டு கிடந்தது. வெண்டைக்காயோ ஒரு நாளைக்கு இரண்டரை சென்டிமீட்டர் வளரும்.

செவ்வாய் சாயங்காலம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த ராஜாமணியை மலர்க்கொடி ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இன்னிக்குப் போவல. நாளைக்கும் போவலன்னா, நாளன்னிக்கு எடுப்பு. மூணு நாளு ஆயிடும்ங்க. நம்பர எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். பெரியப்பா பொணம் கெடக்குது, நீ வெண்டக்கா பறிக்கப் போறியா? தெருவுல நான் தல காட்ட வேணாம்?"

"பறிக்காம வுட்டா வெத கட்டிக்கும். பொறவு செடி காயே உடாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"செடிக்குத் துக்கம் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

"தெரியாமயா காலீலேர்ந்து அங்க குந்திக்கினு கெடக்கேன்? பச்சத் தண்ணி பல்லுல படல."

"ஆமா, குந்திக்கினு கெடந்த. ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டியா? பக்கத்து வூட்டுக்காரிங்கல்லாம் ஒன்னத்தான் பாக்குறாளுங்க. மூஞ்சி இங்க இருக்குது, நெனப்பு கொல்லையில இருக்குது."

அவன் சொன்னது உண்மைதான். பெரியவர் அவளிடம் நல்லபடியாகத்தான் இருந்தார். ஆனாலும் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம், இந்நேரம் எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கும் என்றுதான் மனசு போட்டுக்கொண்டிருந்தது. அப்படித் தோன்றியதற்காக அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

கடைசியில் அவள் செத்தவரின் பெண்சாதியிடமே போய்க் கேட்டாள். மங்கலம் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அத்த, நாளைக்கு ஒரு நாளு மட்டும் கொல்லைக்குப் போயிட்டு வந்துர்றேன். நம்பரு போயிடும் அத்த."

மங்கலம் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "ஏன்டி என்னக் கேட்ட?" என்றாள். "நீ கேக்காம போயிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்கும். இப்ப போன்னு சொன்னாலும் எனக்குக் கேடு, போவாதன்னு சொன்னாலும் ஒனக்குக் கேடு."

"ஒங்களக் கேக்காம எப்படி அத்த?"

"போறதுன்னா தெரு வழியா போவாத. வாய்க்கா மேட்டால போ. நான் ஒண்ணும் சொல்லல."

புதன்கிழமை விடியும்போது மலர்க்கொடி வாய்க்கால் மேட்டில் நடந்து கொல்லைக்குப் போனாள். இரண்டு நாள் காய். ஒவ்வொரு செடியிலும் நீட்டுநீட்டாகத் தொங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று. கழிவு என்று தெரிந்தாலும் அதையும் பறித்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் செடி நின்றுவிடும். வேண்டாத காயைப் பறிக்கவும், வேண்டிய காயைப் பறிக்கிற அதே நேரம்தான் ஆகும், அதே சுணைதான் அரிக்கும். பறித்துப் பிரித்துப் பார்த்தாள். அளவான காய் ஏழு பெட்டிக்குத்தான் தேறும். இந்த நாள் கணக்கில் ஏறாது. வண்டிக்காரனிடம் கொடுத்துவிட மனசில்லாமல், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவளும் வண்டியில் உட்கார்ந்து ஷெட்டுக்குப் போனாள்.

ஷெட்டில் நீள மேசைகள். மேசைக்கு ஆறு பெண்கள். வெளியாள் யாரும் மேசையில் கை வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. அவளுடைய காய் ஜான்சியின் மேசைக்குப் போனது. ஜான்சி பக்கத்து ஊர்க்காரி. இரண்டு பிள்ளைகள். புருஷன் சாலை விபத்தில் இடுப்பு உடைந்து வீட்டோடு கிடக்கிறான், சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான்.

"ஒங்க தெருவுல சாவாமே அக்கா? வண்டிக்காரரு சொன்னாரு. பொணத்தப் போட்டுட்டா வந்த?"

"என்ன பண்றது ஜான்சி. நாளைக்கு எடுப்பு. இன்னிக்குக் கணக்குல ஏறலன்னா நம்பரு போயிடும். ஏழு பெட்டிதான் தேறுது."

ஜான்சி கிரேட்டைப் பார்த்தாள், மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீட்டுக் காய்களை இரு கையாலும் அள்ளி ஒரு பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே அளவான காயைப் பரப்பினாள். இன்னொரு பெட்டியை எடுத்தாள்.

"ஏய், வேணாம் ஜான்சி" என்று மலர்க்கொடி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"சாவு வூட்லேர்ந்து வந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாதுக்கா. எங்க பக்கமும் அப்படித்தான். கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு, இது காய்தானே? ஒரு விரக்கட ஜாஸ்தி இருந்தா எவனுக்குத் தொண்டையில சிக்கப்போவுது?"

பதினோரு பெட்டி ஆனது. ஒவ்வொன்றிலும் 43 என்று ஸ்டிக்கர் ஒட்டினாள், பக்கத்தில் தன்னுடைய பேக்கிங் நம்பர் 6. மிச்சத்தை மலர்க்கொடி திருப்பி எடுத்து வந்து வாய்க்கால் ஓரம் கொட்டினாள். கொட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

புதன் ராத்திரி இங்கிருந்து அந்தக் காய் ஃப்ளைட் ஏறியது, கத்தாரிலிருந்து இளவரசு ஏறினான். வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. வெயில் ஏறுவதற்குள் எடுத்தார்கள். பங்காளிகள் எல்லோரும் மொட்டை அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு மலர்க்கொடி கொல்லைப் பக்கம் போகவில்லை. அதற்குள் தெருவில் விஷயம் பரவிவிட்டிருந்தது. வாய்க்கால் மேட்டில் போனால் மட்டும் யாருக்கும் கண் இல்லையா? பெண்கள் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அரை அடி தள்ளி உட்கார்ந்தார்கள். அவளும் கண்டும் காணாமல் இருந்துகொண்டாள். நம்பர் இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிபாயத்துல்லா பாய் சிங்காரம் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் இளவரசின் கையைப் பிடித்து, "இன்னா லில்லாஹி... நல்ல மனுசன்ப்பா ஒங்கப்பா" என்றார். மங்கலம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "நோம்புங்கம்மா" என்று நெஞ்சில் கை வைத்தார். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ராஜாமணி, ஒன் வூட்டுக்காரியக் கொஞ்சம் கூப்புடு" என்றார்.

மலர்க்கொடி வந்து பந்தல்கால் ஓரம் நின்றாள். பாய் செல்போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். திறந்த பெட்டி. யாரோ ஒருவருடைய கை, ஸ்கேலோடு ஒரு வெண்டைக்காயைப் பிடித்திருந்தது. பன்னிரண்டரை. பெட்டியின் மேல் 43. பின்னால் ஒரு பெரிய சிவப்புக் குப்பைத் தொட்டி.

"அறுவது பெட்டிம்மா. ஒன்னோடது பதினொண்ணு. எல்லாருதையும் சேத்துத் தொட்டியில கொட்டிட்டானுங்க. அளவு சரியில்லையாம்."

மலர்க்கொடி பந்தல்காலை விட்டு முன்னால் வந்தாள். "அறுவதுமா?" என்றாள்.

இளவரசு செல்போனை வாங்கிப் பார்த்தான். "பாய், இது எங்க மார்க்கெட்டு. இந்தச் செவப்புத் தொட்டி எங்க ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கறதுதான். இருங்க, ஒரு நிமிசம்." தன்னோடு ரூமில் இருக்கிற ரஃபீக்குக்குப் போன் போட்டான். பரங்கிப்பேட்டைக்காரன் அவன். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"மச்சான், எல்லாம் முடிஞ்சுதா? அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கடா. வியாழக்கெழம வெண்டக்கா லோடு ஏதாச்சும் கொட்டுனாங்களா?"

"ஏதாச்சுமா? நோம்பு வந்துருச்சுன்னு அவனவன் ஜாஸ்தி ஆர்டர் போட்டுட்டான்டா. மூணு ஃப்ளைட்டு காய் ஒண்ணா எறங்கிடுச்சு. வெல படுத்துருச்சு. வெள்ளிக்கெழம லீவு வேற. வெண்டக்கா, பாவக்கா, முருங்கக்கா எல்லாம் தொட்டியிலதான். இந்த மேனேஜரு ஸ்கேலத் தூக்கிக்கினு பெட்டி பெட்டியா தொறந்தான். ஒண்ணு நீட்டா கெடைக்கிற வரைக்கும் தேடுனான். கெடச்சுது, போட்டோ புடிச்சான், மொத்தத்தையும் கொட்டுன்னுட்டான். அளவு தப்புன்னு எழுதிட்டா அவன் காசு தர வேணாம்ல? எப்பவும் பண்றதுதானே, ஒனக்குத் தெரியாதா?"

இளவரசு தலையைக் குனிந்துகொண்டான். பாயின் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"நீங்களும் தெரிஞ்சுக்கினுதான் இருந்தீங்களா பாய்?" என்றாள் மலர்க்கொடி.

"தெரியும்மா. எல்லா வருசமும் நடக்கறதுதான். நான் போயி அங்க சண்ட போட முடியுமா? அல்லா மேல ஆணையா சொல்றேன், இதுல எனக்கு ஒரு நயா பைசா லாபம் இல்ல."

மலர்க்கொடி செல்போன் பக்கம் குனிந்தாள். "தம்பி, நான் இளவரசுக்கு அண்ணி பேசுறேன். அந்தக் காயி... ஒருத்தரும் தின்னலையா?"

"அக்காவா? தின்னாம என்னக்கா. கொட்டுனதுல நல்லதாப் பாத்து ஒரு பை பொறுக்கியாந்து வச்சிருக்கேன். ரூம்ல ஏழு பேரு. இப்ப அதத்தான் நறுக்கிக்கினு இருக்கேன், நோம்பு தொறக்குறதுக்கு."

"முத்தலா இருக்குதா தம்பி?"

"முத்தலா? நோம்பு, வாயில வச்சுப் பாக்க முடியாது. ஆனா கத்தி வச்சா நறுக்குனு போவுதுக்கா. இம்மாம் நீட்டு இருக்குது, ஆனா பிஞ்சு. யாரு வெளைய வச்சதோ, கை நல்ல கை."

"சரி தம்பி" என்றாள். இளவரசு போனை வைத்தான்.

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெட்ராஸ்ல ஏத்துமதி பண்ற மேலாளு ஒரு நம்பர் கேக்குறாரும்மா. யாரு மேல தப்புன்னு எழுதி அனுப்பணும், அப்பதான் மிச்ச பேரு காய எடுப்பாங்க. ஒன்னு வெவசாயி நம்பரு. இல்ல பேக்கிங் நம்பரு. அளவாத்தான் குடுத்தேன், மேசையிலதான் தப்பு நடந்துதுன்னு நீ சொன்னா, ஆறாம் நம்பர நிறுத்திட்டு ஒன்ன வுட்டுருவேன். நீ சொல்றதத்தான் நான் எழுதப் போறேன்."

ராஜாமணி சட்டென்று, "மேசையில நடந்ததுக்கு நாங்க என்ன பாய் பண்ண முடியும்?" என்றான்.

மலர்க்கொடி நின்றாள். ஒரு வார்த்தை போதும், நம்பர் அவளிடமே இருக்கும். நாளைக்குக் காலையில் வண்டி வரும். ஜான்சியின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, ஆறு என்றால் போதும்.

"ஜான்சி அளவாத்தான் வச்சுது பாய்" என்றாள். "அது தண்ணி குடிக்க அந்தாண்ட போச்சு. அப்ப அடியில நீட்டுக் காய வச்சது நாந்தான்."

வெளியாள் மேசையில் கை வைக்க முடியாது என்பது பாய்க்குத் தெரியும். "யோசிச்சுதான் சொல்றியாம்மா?"

"யோசிச்சுதான் பாய்."

"ஏய், ஒனக்கு என்னாடி புத்தி கெட்டுப்போச்சா?" என்று ராஜாமணி எழுந்தான். "ஒரு வருசம் நாயா அலஞ்சு வாங்குன. பொணத்தத் தாண்டிப் போன. தெருவே காறித் துப்புது. இப்பத் தூக்கிக் குடுக்குற!"

அவள் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்து வந்தாள். ஒரு மூலையில் அவளுடைய போட்டோ, கீழே பெயர், பெரிய எழுத்தில் 43. பாயின் கையில் கொடுத்தாள். பாய் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது. நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மலர்க்கொடி பந்தலுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்தாள். நாளைக்குக் காலையில் எழுந்து யாருக்குப் பறிப்பது என்று தோன்றியது. முதலில் சத்தமில்லாமல்தான் கண்ணீர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மாலதி வந்தாள். சிங்காரத்தின் தங்கை மகள், பெண்ணாடத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்ததால் எடுப்புக்கு வர முடியாமல் போனவள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டே பந்தலுக்குள் ஓடி வந்தாள். துக்கத்துக்கு வருகிறவள் அழுதுகொண்டிருக்கிற பெண்ணைத்தான் முதலில் கட்டிக்கொள்வாள். பந்தலில் அப்போது அழுதுகொண்டிருந்தது மலர்க்கொடி ஒருத்திதான். மாலதி அவள் எதிரே விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள்.

"எங்க மாமனே... நான் வர்றதுக்குள்ள போயிட்டியே... கட்டி ஆண்டது எல்லாம் கையவுட்டுப் போயிடுச்சே..."

அதைக் கேட்டதும் மலர்க்கொடிக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவள் அப்படி அழுது பார்த்ததில்லை. உடம்பெல்லாம் குலுங்கியது. அன்றைக்கு அரை அடி தள்ளி உட்கார்ந்த பெண்கள் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வீட்டிலிருந்து வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பாவம், பெரியவரு மேல இம்மாம் பாசம் வச்சிருந்துருக்கா. நாமதான் தப்பா பேசிட்டோம்" என்றாள் ஒருத்தி.

மங்கலம் உள்ளேயிருந்து வந்தாள். பாய் வந்ததும், போன் பேசியதும், அட்டை கைமாறியதும் எல்லாம் வாசற்படியில் நின்று பார்த்திருந்தவள். அவள் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மலர்க்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுடி" என்றாள்.